வாசகர் கேள்வி – பதில்: பனித்தளத்தில் ஒரு இயற்பியல் மாணவி

சென்ற இதழில், விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்கத்தக்க படங்களைப் பட்டியலிட்டபோது, 2005ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ஐஸ் பிரின்சஸ்’ படத்தைப் பற்றி நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாப் படங்களுக்கும் வந்தவற்றைவிட அதிகம். பாராட்டியவர்களும் உண்டு, மனம் வருந்தி எழுதியவர்களும் உண்டு. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு படத்துக்கே ஒதுக்குகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கும் கேசி கார்லைல், பள்ளியில் இயற்பியலில் முதல்நிலை மாணவி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர ஒரு கோடைக்கால ஆய்வுத்திட்டம் தேவைப்படுகிறது. சிறுவயதிலிருந்து தான் விரும்பிப் பார்த்துவரும் ஃபிகர் ஸ்கேட்டிங்கையே (பனித்தளத்தில் சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் விளையாட்டு) அவள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கிறாள். ஊரிலுள்ள பனித்தளத்தில் பயிலும் பெண்களைப் படம்பிடித்து, அவர்களுடைய தாவல்களையும் சுழற்சிகளையும் கணினியில் அளந்து பார்க்கிறாள். பின்னர் தன் கணக்குகளைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கத் தொடங்கி, தானும் போட்டியில் இறங்குகிறாள். மகளின் படிப்பையே வாழ்வின் நம்பிக்கையாகக் கொண்டிருக்கும் தாய் ஜோன் ஒரு பக்கம். பனித்தளத்தை நடத்தும் பயிற்சியாளர் டீனாவும், தாயின் விருப்பத்துக்காகவே ஸ்கேட்டிங் ஆடிவரும் அவருடைய மகள் ஜென்னும் மறுபக்கம். மிஷெல் டிராக்டன்பெர்க், ஜோன் குசாக், கிம் காட்ரல், ஹேடன் பனெட்டியர் ஆகியோர் முறையே இந்த நால்வராக நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் டிம் ஃபைவெல்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பிளஸ் டூ படிக்கும் மகளை உட்காரவைத்து, நீங்கள் சொன்னீர்களே என்று இந்தப் படத்தைப் பார்த்தேன். ஹார்வர்டு வாய்ப்பை அந்தப் பெண் வேண்டாம் என்று விட்டுவிடும் இடத்தில் என் மகள் திரும்பி, “பார்த்தியாம்மா!” என்று ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. படிப்பைத் தூக்கிப்போடச் சொல்லும் படத்தை ஒரு குடும்ப இதழ் பரிந்துரைக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் மகளின் அந்தப் பார்வையை நான் கண்ணெதிரே காண்கிறேன், அம்மா. முதல் தலைமுறையாகவோ இரண்டாம் தலைமுறையாகவோ படித்து வேலைக்கு வந்த பெண், தன் மகள் கையில் கிடைத்த பெரிய பல்கலைக்கழகத்தை வேண்டாம் என்று சொல்வதைத் திரையில் பார்க்கும்போது, அது வெறும் கதை என்று எடுத்துக்கொள்ள முடியாது. படத்தில் வரும் தாயும் அப்படிப்பட்டவர்தான். பெண் அறிவால் மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் வாதாடிவந்தவருக்கு, மினுமினுக்கும் குட்டைப் பாவாடையோடு நடுவர்கள் முன் ஆடும் விளையாட்டு எத்தனை வேதனை தந்திருக்கும்! அவரை வில்லியாக்காமல் விட்டதுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம்.

ஆனால், தயவுசெய்து கடைசிக் காட்சியை மகளோடு சேர்ந்து இன்னொருமுறை பாருங்கள். அங்கே தாயும் பயிற்சியாளரும் கேசியின் எதிர்காலத்தைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள். பயிற்சிக்கு நடுவே அவள் கல்லூரியில் எத்தனை பாடங்கள் எடுத்துப் படிப்பது என்பதும் அந்தப் பேரத்தில் அடக்கம். ஒரு குறிப்பிட்ட கதவை அவள் சாத்தினாளே தவிர, படிப்பைத் தலைமுழுகவில்லை என்பதைப் படம் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடுகிறது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் அவசரமானது என்பது என் குறை. இத்தனை பெரிய முடிவின் பின்விளைவுக்கு இன்னும் ஐந்து நிமிடமாவது கொடுத்திருக்கலாம்.

படத்தைவிட உண்மை வாழ்க்கை இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கிறது. 1956இல் இத்தாலியின் கோர்ட்டினா நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் டென்லி ஆல்பிரைட். பதினோரு வயதில் போலியோவால் படுத்த சிறுமி அவர். ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன் பயிற்சியில் விழுந்து, தன் ஷூவின் பிளேடே கணுக்காலை வெட்டிவிட, அறுவைச் சிகிச்சை மருத்துவரான தந்தை இத்தாலிக்கே வந்து சிகிச்சை செய்தார். அந்தக் காலோடு தங்கம் வென்று திரும்பிய அவர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தந்தையைப் போலவே அறுவைச் சிகிச்சை மருத்துவரானார். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே 1986இல் உலகப் பட்டம் வென்ற டெபி தாமஸ், 1988 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபின் மருத்துவம் படித்தார். 2002இல் பதினாறு வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற சாரா ஹியூஸ், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆண்களில் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் வெற்றியாளர் நேதன் சென்னும் யேலில் படித்தவர்தான். அவர் படித்த பாடம் புள்ளியியலும் தரவு அறிவியலும்.

இவர்களுக்கும் இரண்டும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் கைகூடிவிடவில்லை. தேவைப்பட்டபோது ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றைத் தொட்டவர்களும் உண்டு. நேதன் சென் ஒலிம்பிக்குக்காகப் படிப்புக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கத்தோடு வகுப்புக்குத் திரும்பினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அப்படி விடுப்புக் கொடுக்கின்றன. நம் ஊரில் பிளஸ் டூ தேர்வு எந்தப் பிள்ளைக்காகவும் காத்திருப்பதில்லை. அந்த வேறுபாட்டை உங்கள் மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். ஆசிரியை என்கிற முறையில் நீங்கள் பேசினால் அது எடுபடும்.

கேள்வி: படத்தில் கேசி செய்யும் இயற்பியல் உண்மையானதா, அல்லது சினிமாவுக்காகச் செய்த கணினி வித்தையா? நான் பதினோராம் வகுப்பு மாணவன்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அடிப்படை முழுக்க உண்மை, தம்பி. உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள கோண உந்த மாறா விதிதான் இந்த விளையாட்டின் உயிர். வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கைகளை விரித்து உட்காருங்கள். தம்பியோ தங்கையோ நாற்காலியை மெல்லச் சுழற்றிவிட்டு விலகட்டும். இப்போது பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். யாரும் தள்ளாமலே நாற்காலி விர்ரென்று வேகமெடுக்கும். நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு) பாதியானால் கோணத் திசைவேகம் (சுழலும் வேகம்) இரட்டிப்பாக வேண்டும் என்பதை உங்கள் உடம்பே அப்போது சொல்லும். எங்கள் வீட்டு நாற்காலியில் பக்கத்து வீட்டுச் சிறுவனை வைத்து இதைச் செய்தபோது, அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறகு “இன்னொரு தடவை” என்றான். பாட்டில் மூடிகளை மட்டும் இறுக்கமாகத் திருகிக்கொள்ளுங்கள்.

இனி தாவலுக்கு வருவோம். பனியைவிட்டுப் பாதம் கிளம்பியபின் கோண உந்தத்தைக் கூட்ட வழியே இல்லை. தரையில் இருக்கும்போது சேர்த்துக்கொண்டதை வைத்துத்தான் காற்றில் குடும்பம் நடத்த வேண்டும். ஒருவர் 40 செ.மீ. உயரம் எழும்பினால், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கொண்டு கணக்கிட, அவர் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.57 விநாடிதான். இரட்டை ஆக்ஸல் என்ற தாவலுக்கு இரண்டரைச் சுற்றுகள் வேண்டும். அதாவது விநாடிக்கு நான்கு சுற்றுகளுக்கும் மேலான வேகம். இன்னும் கடுமையாக உழைத்து 50 செ.மீ. எழும்பினாலும் நேரம் 0.64 விநாடியாகத்தான் கூடும். பத்து செ.மீ. கூடுதல் உயரத்துக்குக் கிடைக்கும் கூலி விநாடியில் நூறில் ஏழு பங்கு! ஆகவே, எவ்வளவு உயரம் என்பதைவிட, கைகளை எவ்வளவு விரைவாக, எவ்வளவு நெருக்கமாக உடலோடு சேர்க்கிறோம் என்பதே சுற்றுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. (நடைமுறையில் சுழற்சியின் ஒரு பகுதி பனியை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிடும் என்பதால், இந்தக் கணக்கைச் சற்றே தளர்த்திக்கொள்ளலாம்.) கேசி தன் தோழிகளுக்குச் சொல்லும் திருத்தங்கள் இந்த வகையானவையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜிம் ரிச்சர்ட்ஸ் என்ற உடலியக்கவியல் பேராசிரியர் நிஜமாகவே இதைச் செய்திருக்கிறார். ஸ்கேட்டிங் வீரர்களின் உடலில் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு குறிகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்களை நிறுத்திப் படம்பிடித்து, கணினியில் ஒரு முப்பரிமாண உருவத்தை உண்டாக்கினார். அந்த உருவத்தின் கைகளைச் சில அங்குலம் உள்ளே நகர்த்திக் காட்டி, “இப்படிச் செய்தால் இந்தத் தாவல் முழுமையாகும்” என்று வீரருக்கே காண்பித்தார். கேசியின் மடிக்கணினி அதைவிட எளிய கருவி, எண்ணம் ஒன்றுதான்.

படம் எங்கே கை நழுவுகிறது என்றால், சூத்திரம் தெரிந்தவுடன் உடம்பும் தெரிந்துகொண்டுவிட்டது போலக் காட்டும் இடத்தில். கையை எப்போது மடக்க வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிடலாம். அதை 0.57 விநாடிக்குள் செய்யத் தோளும் இடுப்பும் கற்றுக்கொள்வதற்கு ஆயிரக்கணக்கான முறை விழ வேண்டும்.

கேள்வி: என்ட மகளுக்கு வயது பதினைந்து. இரண்டு வருடமாக இங்கே ஸ்கேட்டிங் பழகுகிறாள். படத்தில் வரும் பிள்ளை சில மாதங்களில் பெரிய போட்டிக்குப் போய்விடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, எனக்கு ஏன் அப்படி வரேல்லை?” என்று கேட்டு அழுதாள். நான் என்ன சொல்லுறது?
– ஒரு தாய், ஸ்கார்பரோ, கனடா

பதில்: முதலில் மகளிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள், சகோதரி. கதை கனெக்டிகட்டில் நடந்தாலும், படம் எடுக்கப்பட்டது உங்கள் டொராண்டோவில். அவள் பழகும் தளத்தைப் போன்ற ஒரு தளத்தில்தான் அந்தக் கேசியும் சுற்றிச் சுற்றி வந்தாள். நடிகை டிராக்டன்பெர்க் படத்துக்காகப் பல மாதங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டார்; இருந்தும், கடினமான தாவல்களை அவருக்காகச் செய்தவர்கள் உண்மையான ஸ்கேட்டிங் வீராங்கனைகள். திரையில் ஒரே பெண்ணாகத் தெரிபவள், பல பெண்களின் பல ஆண்டு உழைப்பை ஒட்டவைத்துச் செய்த உருவம். அப்படி ஒரு உருவத்தோடு பதினைந்து வயதுப் பிள்ளை தன்னை ஒப்பிட்டு அழுவது நியாயமில்லை.

கேசி மிகக் குறுகிய காலத்தில் ஜூனியர் நிலையை எட்டிவிடுவது இந்தப் படத்தின் மிகப்பெரிய பொய் என்று நான் தயங்காமல் சொல்வேன். கனடாவில் கேன்ஸ்கேட் வகுப்பில் பனியில் நிற்கப் பழகும் குழந்தை, அங்கிருந்து ஜுவனைல், நோவிஸ், ஜூனியர், சீனியர் என்று ஒவ்வொரு படியாக ஏறுவதற்குள் பள்ளிப் பருவமே முடிந்துவிடும். ஒற்றைச் சுற்றுத் தாவல்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக இறக்கவே பலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதற்குமேல் வரும் ஒன்றரைச் சுற்று ஆக்ஸல்தான் பெரும்பாலான பிள்ளைகளை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வாசற்படி. மற்றத் தாவல்களில் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்ப வேண்டும். ஆக்ஸலில் மட்டும் முன்னோக்கிப் பார்த்தபடி எழும்பி, பின்னோக்கி இறங்க வேண்டும் என்பதால் அரைச்சுற்று கூடிவிடுகிறது. 1882இல் அதை முதலில் செய்த நார்வே நாட்டு ஆக்சல் பால்சனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில்தான் அமெரிக்காவின் இலியா மலினின் நான்கரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டியில் வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். ஒரே தாவல் இத்தனை தலைமுறைகளை வேலைவாங்கியிருக்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு வருடம்தானே ஆகிறது?

வயதைப் பற்றிய கவலையும் அந்த அழுகைக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். பதினைந்து என்றால் காலம் கடந்துவிட்டது என்று இந்த உலகம் பிள்ளைகளை நம்பவைத்திருக்கிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதினைந்து வயது ரஷ்யச் சிறுமி கமிலா வலியெவா ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தளத்தில் விழுந்து விழுந்து எழுந்ததை மறக்க முடியாது. அந்தச் சிறுமியைச் சுற்றியிருந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவெடுத்தது. நல்ல முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது.

உங்கள் மகள் உலகப் போட்டிக்குப் போவாளா என்று என்னால் சொல்ல இயலாது. பெரும்பாலான பிள்ளைகள் போவதில்லை. ஆனால், படத்தில் கேசி முதன்முதலாகச் சேரும் வகுப்பை நினைவுபடுத்துங்கள். தன் இடுப்பளவு உயரமுள்ள வாண்டுகளோடு, அவர்களுக்கு நடுவே நெட்டையாக நின்று, வெட்கப்படாமல் கற்றுக்கொள்கிறாளே, அதை மட்டும் மகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: படத்தில் பயிற்சியாளர் டீனா போட்டி நேரத்தில் கேசிக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தது ஒரு சதி என்கிறார்கள். புது ஷூ கொடுப்பது எப்படிச் சதியாகும்? எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: புதுச் செருப்பு கடித்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. கல்யாண வீட்டில் புதுச் செருப்போடு நின்று, மாலைக்குள் குதிகால் தோல் உரிந்து, வெறுங்காலோடு வீடு திரும்பியவர்கள் ஏராளம். அந்தக் கடியைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிகர் ஸ்கேட்டிங் ஷூ என்பது பல அடுக்குத் தோலை ஒட்டி, மரப்பலகை போல விறைப்பாகச் செய்த ஒன்று. தாவி இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் விழுவதால், கணுக்கால் மடங்காமல் அது தாங்கிப் பிடிக்க வேண்டும். புதிதாக வாங்கியதைச் சூடாக்கி, காலில் மாட்டிப் பாதத்தின் வடிவத்துக்குப் பழக்கி, பிறகு நாளுக்குச் சிறிது நேரமாக அணிந்து, சில வாரங்கள் கழித்துத்தான் தாவலுக்குப் போவார்கள். அடியில் உள்ள பிளேடோ ஏறத்தாழ 4 மி.மீ. அகலம்தான். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டி, உள் விளிம்பு, வெளி விளிம்பு என இரண்டு கூர்விளிம்புகள் இருக்கும். அந்த விளிம்புகளில் எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்பதைப் பாதம் உணர்ந்தால்தான் தாவல் அமையும். கொப்புளம் உடைந்து ரத்தம் கசியும் பாதம் எதை உணரும்?

பயிற்சியாளர் டீனாவுக்கு இவையெல்லாம் கைவந்த அறிவு. கேசி தன் மகளை மிஞ்சிவிடுவாள் என்று கண்டதும், அன்பளிப்பு போல ஒரு பெட்டியை நீட்டுகிறார். அதுவரை பழைய ஷூவோடு ஆடிவந்த பெண்ணின் முகம் அந்தப் பெட்டியைத் திறந்ததும் மலர்வதைக் கவனித்துப் பாருங்கள். படத்திலேயே மனதை அறுக்கும் இடம் எனக்கு அதுதான். அடித்துக் காலை உடைப்பவர்களும் இந்த விளையாட்டின் வரலாற்றில் உண்டு. 1994 ஜனவரியில் டெட்ராய்ட் நகரில், அமெரிக்க ஸ்கேட்டிங் வீராங்கனை நான்சி கெரிகனின் முழங்காலைக் குறிவைத்து ஒருவன் தடியால் அடித்த வழக்கு உலகறிந்தது. ஆனால், நம்பியிருந்த ஆசிரியர் கையால் வந்த பரிசில் ஒளிந்திருந்த காயத்தை ஒரு பிள்ளை எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லும்?

அதே டீனாவைப் பிற்பாடு மன்னித்து, கேசி மீண்டும் அவரிடமே பயிற்சி பெறுகிறாள். இதைப் பல வாசகர்கள் ஏற்கவில்லை. எனக்கும் அது எளிதாக இறங்கவில்லை. மன்னிப்பதற்கும் திரும்ப நம்பித் தன் கால்களை ஒப்படைப்பதற்கும் இடையில் ஒரு நெடுந்தூரம் உண்டு. படம் அதை ஒரே தாவாகத் தாவிவிடுகிறது.

கேள்வி: படத்தில் வர்ணனையாளர்களாக வருபவர்கள் நடிகர்களா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: இல்லை, இருவரும் இந்தக் கலையின் மாபெரும் பெயர்கள். ஒருவர் ஐந்து முறை உலகப் பட்டமும் ஒன்பது முறை அமெரிக்கப் பட்டமும் வென்ற மிஷெல் குவான். மற்றவர் 1988 கால்கரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரையன் போய்ட்டானோ.

கேள்வி: எல்லோரும் கேசியைப் பற்றியே எழுதுவார்கள். எனக்கு அந்தப் பயிற்சியாளரின் மகள் ஜென்தான் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள். என் மகன் ஒன்பது வயதிலிருந்து இறகுப்பந்து ஆடுகிறான். மாவட்ட அளவில் நல்ல பெயர். விடியற்காலை ஐந்து மணிக்கு நான்தான் வண்டியில் அழைத்துப்போகிறேன். “இது உனக்குப் பிடித்திருக்கிறதா?” என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவனைக் கேட்டதில்லை என்பது படம் முடிந்தபோதுதான் உறைத்தது. இப்போது கேட்கவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, மதுரை

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம், ஐயா.

ஜென் திறமைசாலி. அவளுக்குத் தாவத் தெரியும், சுழலத் தெரியும், புன்னகைக்கத் தெரியும். விரும்பியதைச் சாப்பிட முடியாது, தோழிகளோடு ஒரு மாலை வெளியே போக முடியாது, கணக்குப் பாடத்துக்கு நேரமில்லை. தாய் எட்ட முடியாமல் போன உயரத்தை அவள் எட்ட வேண்டும் என்பதற்காக அவளுடைய ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருக்கிறது. கேசியின் வீட்டிலோ இதற்கு நேரெதிரான தோற்றம். அங்கே தாய் ஆடாதே என்கிறார், இங்கே தாய் ஆடு என்கிறார். ஆழ்ந்து பார்த்தால் இரண்டு வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். இரண்டு தாய்மாரும் மகளின் காலில் தங்கள் ஷூவை மாட்டப் பார்க்கிறார்கள். கேசி ஆடத் தொடங்குவதையும் ஜென் ஆட்டத்தை நிறுத்துவதையும் ஒரே கதைக்குள் வைத்து, இரண்டையும் ஒரே மரியாதையோடு காட்டியதுதான் இந்தப் படத்தை மற்ற விளையாட்டுப் படங்களிலிருந்து எனக்கு வேறுபடுத்தியது. ஜென் விட்டுவிடுவதைத் தோல்வியாகக் காட்டவில்லை. அவள் முகத்தில் முதன்முறையாக ஒரு பதினேழு வயதுப் பெண் தெரிகிறாள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எனக்குச் சிறுவயதில் வீணை கற்க ஆசை, வசதி இல்லை. ஆகவே என் மகளுக்கு ஏழு வயதானதும் தஞ்சாவூர் வீணை ஒன்று வாங்கினேன். ஆறு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு. வர்ணம் வரை வந்துவிட்டாள். பாட்டு வாத்தியாரும் மெச்சினார். ஒருநாள் நரம்பு அறுந்தது. “ஞாயிற்றுக்கிழமை புது நரம்பு போட்டுக்கலாம்” என்றேன். அவள், “மெதுவா போட்டுக்கலாம்ப்பா, அவசரமில்லை” என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மறக்க இயலவில்லை. ஆறு ஆண்டுகளாக அவள் சொல்லாமல் வைத்திருந்த பதில் அது. அன்று மாலை அவளிடம் கேட்டேன். அழுதாள், நானும் அழுதேன். வீணை இப்போது கூடத்து மூலையில் பச்சைப் பட்டு உறைக்குள் இருக்கிறது. அவளுக்கு இன்று முப்பது வயது. எப்போதாவது ஊருக்கு வரும்போது உறையைக் கழற்றி, ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் வாசித்துவிட்டு மூடிவைப்பாள். அந்த ஒரு பல்லவி அவளுடையது.

ஆகவே கேளுங்கள். ஆனால், போட்டியில் தோற்ற அன்றோ, வென்ற அன்றோ கேட்காதீர்கள். “பிடித்திருக்கிறதா” என்று நேருக்குநேர் கேட்டால், உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான்; ஐந்து மணிக்கு எழுந்து வண்டி ஓட்டும் அப்பாவிடம் எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை என்று சொல்ல மனம் வரும்? “ஒரு மாதம் ஓய்வெடுத்துக்கொள், காலையில் எழுப்ப மாட்டேன்” என்று சொல்லிப்பாருங்கள். இரண்டாம் வாரம் அவனே மட்டையைத் தேடுகிறானா என்று பார்த்தால் போதும். தேடவில்லை என்றாலும் அந்த விடியற்காலைகள் வீணாகிவிடாது. வண்டியில் உங்கள் முதுகில் சாய்ந்து தூங்கியபடி வந்த நேரத்தை அவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்வான்.

கேள்வி: இந்தியாவில் பிள்ளைகள் இதைக் கற்க வழியுண்டா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வடக்கே உண்டு. சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளிப் பனித்தளம் இயங்கிவருகிறது. அது குளிர்காலத்தில் இயற்கையாகவே உறையும் தளம். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உள்ளரங்கத் தளம் கட்டப்பட்டது. நம் பகுதிப் பிள்ளைகள் சக்கர ஸ்கேட்டிங்கில் தொடங்கலாம். அதிலும் ‘ஆர்ட்டிஸ்டிக்’ என்ற பிரிவில் இதே ஆக்ஸலும் இதே சுழற்சிகளும் உண்டு. தலைக்கவசமும் முழங்கால் காப்பும் இல்லாமல் இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: இத்தனை பாடுபட்டுவிட்டு, கடைசியில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கிறது. முதலிடம் கொடுத்திருந்தால் குழந்தைகள் மகிழ்ந்திருப்பார்களே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எங்கள் வீட்டுக் குழந்தைகளும் இதையே கேட்டார்கள். முதலிடம் பெறும் நிக்கி என்ற குட்டிப்பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த வேடத்தில் நடித்த கிர்ஸ்டன் ஓல்சன் நிஜ வாழ்விலும் போட்டிகளில் ஆடிய ஸ்கேட்டிங் வீராங்கனை. அதுபோலவே கேசியின் மற்றொரு போட்டியாளராக வரும் ஜூலியானா கன்னரோசோவும் நிஜ வீராங்கனைதான். கதையில் நிக்கி, நடக்கப் பழகிய காலத்திலிருந்தே பனியில் வளர்ந்தவள். நேற்று வந்த கேசி அவளை வென்றிருந்தால், நான் மேலே குறை சொன்ன அந்தப் பொய் இன்னும் பெரிதாகியிருக்கும். படம் அந்த இடத்தில் நிக்கிக்கு நியாயம் செய்துவிட்டது.

அதோடு, அது இறுதிப் போட்டியும் அன்று. அமெரிக்காவில் அந்நாளைய முறைப்படி வட்டாரப் போட்டி, அதற்குமேல் மண்டலப் போட்டி, அதற்கும் மேல் தேசியப் போட்டி. மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடம் பெறுபவர்கள் தேசியப் போட்டிக்குப் போகலாம். எனவே, இரண்டாம் இடம் பெற்ற கேசி மறுநாள் காலையிலும் தளத்துக்கு வந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும். பார்வையாளர் வரிசையில் அவள் அம்மா வந்து அமர்ந்திருந்ததைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். அதன்பின் அவர்கள் முதலிடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.